ஆயாவின் சைகோனும் இரண்டு ஆறுகளும்

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் யாரும் வியட்நாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. சைகோன் என்றுதான் சொல்வார்கள். ஆயா, என் பாட்டி, பிறந்தது சைகோனில், படித்தது சைகோனில். பத்தொன்பது வயதில், 1955-ல், கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தார். அவருடைய அப்பா அங்கே பிரெஞ்சு நிர்வாகத்தில் சந்தை வரிக் கணக்கு எழுதியவர். எங்கள் ஊரில் இப்படிக் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெம் என்ற வியட்நாம் சுருள் பொரிக்கிற வாசனை ஒரு வீட்டிலிருந்து வந்தால், அது சைகோன் வீடு, இல்லாவிட்டால் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் வீடு என்று தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கல்லூரிக்குப் போன புதிதில் எனக்கு வியட்நாம் என்றால் ஒரு வெறி. சின்ன நாடு, ஆயிரம் ஆண்டு சீனாவிடம் இருந்து மீண்டது, பிரான்சைத் தோற்கடித்தது, அமெரிக்காவைத் திருப்பி அனுப்பியது. இந்தக் கதை போதுமானதாக இருந்தது. ஒரு நாள் ஆயாவிடம் போய், "உங்க நாடு அமெரிக்காவையே ஜெயிச்சுதே ஆயா" என்று பெருமையாகச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தவே இல்லை. "அது வடக்கத்திக்காரங்க நாடுடா. நாங்க சைகோன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆயாவின் பிறப்புச் சான்றிதழில் சைகோன், கொச்சின்சீனா என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். வெள்ளைக்காரன் வெட்டி வைத்த துண்டுக்கு அவன் வைத்த பெயரை எழுபது வயதிலும் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். நாடு என்றால் ஒன்றுதான், பிரித்தவன் அந்நியன் என்று நீளமாக விளக்கினேன். ஆயா கேட்டுக்கொண்டே கல் பொறுக்கினார். கடைசியில், "நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அவர் இருக்கும்வரை நான் போகவில்லை.

போனபோது என் கட்சி சரி என்று நிரூபிக்கிற இடம் எதுவோ அங்கேதான் முதலில் போக விரும்பினேன். பதினேழாவது அட்சக்கோடு. 1954-ல் ஜெனீவாவில் வல்லரசுகள் கூடி நாட்டை வெட்டிய இடம்.

894 பலகைகள்

அந்தக் கோட்டை ஒட்டி ஓடும் பென் ஹாய் அப்படியொன்றும் பெரிய ஆறு இல்லை. ஹியென் லுவாங் பாலத்தின் நீளம் 178 மீட்டர். இக்கரையில் நின்று குரல் கொடுத்தால் அக்கரையில் மாடு ஓட்டிப் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அசல் பாலம் 1967-ல் குண்டுவீச்சில் விழுந்துவிட்டது. இப்போது இருப்பது அதே மாதிரியில் திரும்பக் கட்டியது, நடந்து போக மட்டும். தரை முழுக்க மரப்பலகைகள். மொத்தம் 894. வட பாதியில் 450, தென் பாதியில் 444. ஒரு பாலத்தின் பலகைகளை இரண்டு அரசுகள் எண்ணி வைத்திருந்தன என்பதே எனக்கு நெஞ்சை அடைத்தது. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. வட பாதிக்கு நீலம், தென் பாதிக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள்.

நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் தெற்கு அரசு தன் பாதிக்கு ஒரு நிறம் அடிக்குமாம். சில நாளில் வடக்கு அரசு அதே நிறத்தைத் தன் பாதிக்கும் அடித்துவிடும், பாலம் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று. உடனே தெற்கு வேறு நிறத்துக்கு மாறும். வடக்கும் மாறும். இரு கரையிலும் கொடிக்கம்பம் யாருடையது உயரம் என்ற போட்டி. ராத்திரி பகல் பாராமல் ஒலிபெருக்கிகள். எல்லோரும் செய்வதுபோல நானும் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு காலை வைத்து நின்றேன். மழை விட்டு ஈரமாக இருந்த பலகை, செருப்பு லேசாக வழுக்கியது.

எனக்கு வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். டோங் ஹோய் நகரத்தில் வீடு. நான் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "இது இரண்டாவது ஆறு. முதல் ஆற்றை நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முதல் ஆறா என்று கேட்டேன். வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஜியான் ஆறு வரும், இருநூறு வருஷத்துக்குக் கிட்ட நாடு அங்கேதான் இரண்டாக இருந்தது என்றார். அதைப் பிரித்தது யார், பிரெஞ்சுக்காரர்களா என்று கேட்டேன். கேட்ட உடனே எனக்கே தெரிந்தது, அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இல்லை.

"வெளியாள் யாரும் இல்லை. நாங்கள்தான்" என்றார் அவர். குரலில் வருத்தமும் இல்லை, சவாலும் இல்லை. ஊர்ப்பெயர் சொல்கிற மாதிரி சொன்னார்.

இருபது வருஷமாக இந்த நாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பவன் நான். எத்தனை போர்களின் தேதி எனக்கு மனப்பாடம். ஆனால் ஜியான் ஆற்றை நான் ஒரு பெயராகக்கூட மனதில் வைத்திருக்கவில்லை. எங்கேயோ வாசித்திருப்பேன், என் கதைக்குத் தேவைப்படாததால் தள்ளிவிட்டிருப்பேன். ஆயா கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த முகம் அந்தப் பாலத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா கணவருக்குப் பயந்து

முதல் பிளவின் கதை ஒரு குடும்பத்துக்குள் தொடங்குகிறது. 1527-ல் மாக் குலத்துத் தளபதி ஒருவர் லே அரசர்களிடம் இருந்து அரியணையைப் பறித்துக்கொண்டார். லே வம்சத்தை மீட்கப் படை திரட்டியவர் நுயென் கிம். அவர் 1545-ல் இறந்ததும், படையும் அதிகாரமும் அவருடைய மருமகன் ட்ரின் கியெம் கைக்குப் போயின. நுயென் கிம்மின் மூத்த மகன் கொல்லப்பட்டான். செய்தது மைத்துனர் ட்ரின் கியெம்தான் என்று ஊரே நம்பியது. இளைய மகன் நுயென் ஹோவாங்குக்கு உயிர்ப்பயம். அக்காவைப் பிடித்து, என்னைத் தெற்கே எங்காவது ஒரு மூலைக்கு அதிகாரியாக அனுப்பச் சொல்லு என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். 1558-ல் அப்படியே அனுப்பினார்கள். இன்றைய ஹுவே, குவாங் ட்ரி பக்கம். அப்போது அது காடும் நோயும் மிச்சம் இருந்த எல்லைப்புறம். தொல்லை ஒழிந்தது என்று அக்கா கணவர் நினைத்திருப்பார்.

போவதற்கு முன் நுயென் பின் கியெம் என்ற புலவரிடம் யோசனை கேட்டு ஆளனுப்பினாராம் ஹோவாங். புலவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தோட்டத்துச் செயற்கைப் பாறையில் ஊரும் எறும்புகளைப் பார்த்தபடி, ஹோவான் சோன் மலைத்தொடர் ஒன்று போதும், பத்தாயிரம் தலைமுறை ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாராம். நடந்ததோ, பிற்பாடு கட்டியதோ, வியட்நாமில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஜியான் ஆற்றுக்கு வடக்கே கடல்வரைக்கும் வந்து முட்டுகிற மலை அது. அந்த வட்டாரத்தில்தான் நாட்டின் இடுப்பு இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் குறுகிய இடத்தில் ஐம்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. படத்தில் பார்த்தால் காவடித் தண்டு மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் இரண்டு நெற்கூடை. வடக்கே சிவப்பு ஆற்றுச் சமவெளி, தெற்கே மீகாங் கழிமுகம். வியட்நாமியர்களே தங்கள் நாட்டைத் தோள்தண்டில் தொங்கும் இரண்டு அரிசிக் கூடைகள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஹோவாங் போன காலத்தில் தெற்குக் கூடை அவர்களுடையதே அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹோவாங்கின் மகன் காலத்தில் வடக்குக்கு வரி அனுப்புவதை நிறுத்தினார்கள். 1627-ல் போர். 1672 வரைக்கும் ஏழு முறை. ஆள்பலம், பணபலம் எல்லாம் ட்ரின் பக்கம்தான் அதிகம். ஆனாலும் அந்த இடுப்பைத் தாண்ட முடியவில்லை. காரணம், டோங் ஹோய் பக்கம் எழுந்த மதில்கள். அவற்றைத் திட்டமிட்டவர் டாவ் ஸுய் து. அவர் வடக்கத்திக்காரர், கூத்தாடி வீட்டுப் பிள்ளை. கூத்தாடி மகன் அரசுத் தேர்வு எழுதக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். படித்த படிப்புக்கு வடக்கில் வழியில்லை என்று தெற்கே வந்தவர். 1630-லும் 1631-லும் அவர் எழுப்பிய மண்மதில்களை இன்றும் ஆசானின் மதில் என்கிறார்கள். அதன் வாசல் ஒன்றை டோங் ஹோய் ஊருக்குள் பார்த்தேன். ஒரு அரசு தன் அறிவாளியைப் பிறப்பைக் காட்டி வெளியே தள்ளியது. அவர் கட்டிய சுவரில் அதே அரசு மறுபடி மறுபடி மோதியது. சாதி பார்த்து வாசலை மூடுகிற ஊரில் இருந்து போன எனக்கு அந்த வாசலைக் கடந்து போக மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் நின்றேன்.

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறு. இந்தப் போர் முழுக்க இரண்டு தரப்பும் ஒரே லே அரசரின் பெயரில்தான் சண்டை போட்டன. அரசர் ஹனோயில் பொம்மையாக உட்கார்ந்திருந்தார். தனிநாடு என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் உண்மையான விசுவாசிகள் என்று இருவரும் சொன்னார்கள். 1954-க்குப் பிறகும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்: ஹனோயும் சைகோனும் தனித்தனியாக, முழு வியட்நாமுக்கும் அரசு நாங்களே என்றன. பாலத்துக்கு ஒரே நிறம் அடிக்க வேண்டும் என்று துடித்ததும் அதே ஆசையில்தான்.

வெளியாட்கள் உடனே வந்து சேர்ந்தார்கள். தெற்குக்குப் போர்த்துகீசியர் பீரங்கி கொடுத்தார்கள். வடக்குக்கு டச்சுக்காரர்கள் துணை. 1643-ல் டச்சுக் கப்பல்களைத் தெற்கின் படகுகள் கடலில் தோற்கடித்தன. வடக்கும் தெற்கும் சண்டையிட்ட காலத்தில்தான் பாதிரிமார்கள் இரு பக்கமும் போய்வந்து மொழியை ரோமன் எழுத்தில் எழுதக் கற்றார்கள். அலெக்சாந்தர் த ரோட் தொகுத்த அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. இன்று நாடு முழுதும் எழுதுவது அந்த எழுத்தைத்தான்.

போக வழி தெற்கே மட்டும்

வடக்கே போக முடியாது, மேற்கே மலை, கிழக்கே கடல். நுயென் பிரபுக்களுக்கு விரிய இருந்தது தெற்குத் திசை மட்டும்தான். என் புரிதல் இங்கேதான் முழுசாகத் திரும்பியது. நாடு பிரிந்ததால் பலவீனமானது என்று நான் நினைத்திருந்தேன். பிரிந்ததால்தான் அது அவ்வளவு வேகமாகப் பெரியதானது. வடக்கோடு ஈடுகொடுக்க நெல் வேண்டும், ஆள் வேண்டும், வரி வேண்டும். அத்தனையும் தெற்கே இருந்தன. 1611-ல் ஃபூ யென், 1653-ல் இன்றைய ந்யா ட்ராங் பகுதி, 1698-ல் சைகோன் வட்டாரத்தில் நிர்வாகம். அடுத்த அறுபது ஆண்டுகளில் மீகாங் கழிமுகம் முழுக்க. ஆயாவின் சைகோன் இப்படிப் பிறந்த ஊர். அங்கே முன்னால் இருந்தது கெமர் மக்களின் நாடு.

கெமருக்கு முன்னால் வழியில் இருந்தவர்கள் சாம் மக்கள். அவர்களுடைய சம்பா அரசை நாம் சிவன் கோவில்களோடும் சமஸ்கிருதக் கல்வெட்டுகளோடும் சேர்த்துப் பெருமையாகப் பேசுவோம். மி சோன் போகிற தமிழர்கள் லிங்கத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அந்தக் கோவில்களில் ஏன் பூசை இல்லை என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

1069-ல் லே வம்சத்துக்கும் முந்தைய லி அரசர் சம்பாவின் மன்னரைச் சிறைபிடித்தார். மூன்று வட மாவட்டங்களை எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். 1306-ல் சம்பா மன்னர் வியட்நாமிய இளவரசி ஹுயென் ட்ரானை மணக்க, ஹுவே பகுதியை உள்ளடக்கிய இரண்டு மாவட்டங்களைப் பரிசமாகக் கொடுத்தார். மறு வருஷமே மன்னர் இறந்துவிட, இளவரசியை உடன்கட்டை ஏற்றிவிடுவார்கள் என்று அஞ்சி வடக்கில் இருந்து ஆள் வந்து அழைத்துப் போனார்கள். பெண் திரும்பிப் போனாள். நிலம் திரும்பவில்லை. சாம் மக்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. அவர்களுடைய மன்னர் சே போங் ங்கா 1371-ல் ஹனோயையே கொள்ளையிட்டார். ஆனால் 1471-ல் லே தான் தோங் படையெடுத்து விஜயா நகரத்தை அழித்த பிறகு சம்பா எழுந்திருக்கவே இல்லை. கடைசி மிச்சத்தை 1832-ல் மின் மாங் அரசர் தன் மாகாணங்களோடு சேர்த்துக்கொண்டார்.

ந்யா ட்ராங்கில் போ நகர் கோவிலுக்குப் போயிருந்தேன். ஆற்று முகத்துவாரத்துக் குன்றின்மேல் செங்கல் கோபுரங்கள். உள்ளே இருட்டில், புகையில், பட்டு உடுத்திய அம்மன். சாம் மக்களுக்கு அவள் நாட்டின் தாய். அந்த நிலத்தைப் பிடித்தவர்கள் அம்மனை விட்டுவிட மனமில்லாமல் தியென் யி ஆ நா என்று தங்கள் பெயர் சூட்டிக் கும்பிடத் தொடங்கினார்கள். நான் போனபோது ஒரு வியட்நாமியக் குடும்பம் தட்டில் பழமும் காகிதப் பணமும் வைத்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் தலைத்துண்டு கட்டிய இரண்டு சாம் பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். ஒருத்தி கையில் வெற்றிலை. குடும்பம் வெளியே வந்ததும் செருப்பைத் தள்ளி விட்டு உள்ளே போனார்கள். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, முறைக்கவும் இல்லை.

அன்று ராத்திரி அறையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் கண்டேன். ஹோவான் சோன் மலை சம்பாவின் பழைய வட எல்லை. ஜியான் ஆறு, பென் ஹாய் ஆறு இரண்டும் 1069-ல் சம்பாவிடம் இருந்து வாங்கிய அந்த மூன்று மாவட்டங்களுக்குள் ஓடுகின்றன. நாடு தெற்கு நோக்கி எடுத்துவைத்த முதல் அடி எங்கே விழுந்ததோ, அங்கேதான் இரண்டு முறையும் பிரிந்திருக்கிறது. ஜெனீவாவில் உட்கார்ந்திருந்த யாரும் 1069-ஐ நினைத்துப் பேசியிருக்க மாட்டார்கள். குறுகிய இடம், காவல் போடச் சுலபம் என்பதே அவர்கள் கணக்கு. ஆனால் சம்பாவுக்கும் ட்ரின் படைக்கும் அதே குறுக்கம்தான் எல்லையாகப் பயன்பட்டது. நிலம் மடிந்திருந்த இடத்திலேயே மூன்று முறையும் மடித்திருக்கிறார்கள்.

ஐந்து வயது இளவரசன்

1771-ல் தாய் சோன் சகோதரர்கள் எழுப்பிய கலகம் தெற்கு பிரபுக்களையும் வடக்கு பிரபுக்களையும் ஒருசேர அடித்துப் போட்டது. 1785-ல் சயாம் படையையும் 1789-ல் சீனப் படையையும் விரட்டியது அந்தச் சகோதரர்கள்தான். தப்பித்த நுயென் வாரிசு ஒருவர், நுயென் ஆன். அவர் முதலில் சயாமிடம் உதவி கேட்டார். பிறகு பிஞோ த பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தன் ஐந்து வயது மகன் கானை ஒப்படைத்து பிரான்சுக்கு அனுப்பினார். அந்தக் குழந்தை 1785-ல் வந்து இறங்கிய இடம் புதுச்சேரி.

நான் தினமும் சாயங்காலம் நடக்கிற கடற்கரை. அங்கே பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எத்தனையோ சொல்வார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கிருந்து பாரிஸ் போய், 1787-ல் வெர்சாய் உடன்படிக்கை. நான்கு கப்பல், 1,650 ஆட்கள் தருவதாக பிரான்ஸ் எழுதிக் கொடுத்தது. பதிலுக்கு டா நாங் துறைமுகமும் ஒரு தீவும். நிறைவேற்ற வேண்டியவர் புதுச்சேரியில் இருந்த ஆளுநர் கோன்வே. அவர் மறுத்துவிட்டார். பாதிரியார் சொந்த முயற்சியில் பணமும் ஆளும் கப்பலும் திரட்டிக்கொண்டு 1789-ல் புதுச்சேரியில் இருந்து கிளம்பினார். அந்த உதவி எவ்வளவு பெரியது என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. வென்றது பெரும்பாலும் நுயென் ஆனின் தெற்கத்திப் படையும் மீகாங் நெல்லும்தான் என்றே எனக்கும் தோன்றுகிறது. எப்படியோ, 1802-ல் அவர் ஜியா லோங் என்ற பெயரில் முடிசூடினார். இன்றைய வடிவில் முழு நாடும் ஒரே அரசின்கீழ் வந்தது அப்போதுதான் முதல்முறை.

பெயரும் அப்போது வந்ததுதான். நாம் வியட் என்று வைத்துக்கொள்ளச் சீனப் பேரரசரிடம் அனுமதி கேட்டார் ஜியா லோங். அது சீனாவின் தென் மாகாணங்களையும் உள்ளடக்கிய பழைய அரசு ஒன்றின் பெயர். நாளைக்கு அந்த நிலத்தையும் கேட்பார்களோ என்று சீனாவுக்குச் சந்தேகம். எழுத்தைத் திருப்பிப் போட்டு வியட் நாம் என்று 1804-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆயாவிடம் நான் சத்தியம் மாதிரிச் சொன்ன பெயர், ஒரு பேரம் பேசி முடித்த பெயர். ஆயா பிறந்த 1936-ல் அதற்கு 132 வயது. அதிலும் பாதிக்கு மேல் அந்தப் பெயர் சர்க்கார் காகிதத்தில் இல்லை.

சேர்ந்து நின்றது 57 ஆண்டுகள். அந்த 57 ஆண்டிலும் கம்போடியாவுக்காக சயாமோடு மோதல், மின் மாங் காலத்தில் அதன் பெரும்பகுதியை மாகாணமாகவே ஆக்கிக்கொண்ட கொடுமை, 1841-ல் அங்கிருந்து பின்வாங்கல். 1858-ல் டா நாங்கைத் தாக்கிய பிரெஞ்சுப் படை அங்கே வேரூன்ற முடியாமல் அடுத்த வருஷம் சைகோன் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 1862-ல் மூன்று தென் மாகாணம், 1867-ல் இன்னும் மூன்று. கடைசியாகச் சேர்த்த நிலம் முதலில் போனது. நெல் அங்கே இருந்தது, அரசவை தூரத்தில் இருந்தது. பிறகு 1880-களில் மிச்சத்தையும் எடுத்து, தெற்கை நேரடிக் குடியேற்றமாக கொச்சின்சீனா என்றும், நடுவையும் வடக்கையும் பாதுகாப்பு நாடுகளாக அன்னாம், டோங்கின் என்றும் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம். கொச்சின்சீனாவை நடத்த புதுச்சேரி, காரைக்காலில் இருந்து எழுத்தர்களும் காவலர்களும் போனார்கள். லேவாதேவிக்குச் செட்டியார்கள் போனார்கள். என் கொள்ளுத்தாத்தா அந்த வரிசையில் ஒருவர். அந்தப் பிளவில் எங்கள் வீட்டுச் சோறும் வெந்திருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுபடியும் கோடு

1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் நேச நாடுகள் முதலில் போட்டது பதினாறாவது கோடு. வடக்கே சீனத் தேசியப் படை, தெற்கே பிரிட்டிஷ் படை. சைகோனில் வந்திறங்கிய அந்தப் பிரிட்டிஷ் படை, 20-வது இந்தியப் பிரிவு. ஹோ சி மின் செப்டம்பர் 2-ல் ஹனோயில் விடுதலை அறிவித்திருந்தார். நம்மை இன்னும் விடாத அரசு, நம் ஆட்களை வைத்து, பிரெஞ்சுக்காரர்கள் சைகோனுக்குத் திரும்பி வர வழிசெய்து கொடுத்தது. ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் தலைப்பாகை கட்டிய சிப்பாய்களைப் பார்த்து நம்ம ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று ஓடியதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

1954-ல் டியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்த பிறகும் ஜெனீவாவில் வென்றவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஹனோய் தரப்பில் பேசிய ஃபாம் வான் டோங் பதின்மூன்றாவது கோட்டில் தொடங்கி பதினாறு வரைக்கும் இறங்கிவந்தார். பிரான்ஸ் பதினெட்டில் நின்றது. பதினெட்டு என்பது ஏறக்குறைய அந்த ஹோவான் சோன் மலை ஓடும் இடம். அமெரிக்கா உள்ளே வந்துவிடும் என்று அஞ்சிய சீனாவும், ஐரோப்பாவில் வேறு கணக்கு வைத்திருந்த சோவியத்தும் ஹனோயை அழுத்தின. பதினேழு என்று முடிந்தது. இரண்டு வருஷத்தில், 1956 ஜூலையில், தேர்தல் என்று எழுதினார்கள். மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை இந்தியா. தேர்தல் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

உள்ளேயே பழைய கோடு இருந்ததே, அதனால் வெட்டியது இயற்கை என்று அந்தக் காலத்தில் வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அது துளியும் ஒப்புதல் இல்லை. ட்ரினும் நுயெனும் ஒரு அரசரின் பெயரில் சண்டை போட்டார்கள். அதைக் காட்டி இருபது லட்சம், முப்பது லட்சம் என்று கணக்குப் பேசும் அளவுக்கு மனிதர்களைச் சாகவிட்டதற்கு நியாயம் தேட முடியாது. ஆனால் அந்த நியாயத்தை மறுப்பதற்காக, உள்ளே கோடே இருந்ததில்லை என்று நான் இத்தனை வருஷம் சொல்லிவந்தது தப்பு. அப்படிச் சொன்னதால்தான் 1979 எனக்குப் புரியாமலே இருந்தது. வடக்கும் தெற்கும் சேர்ந்து மூன்று வருஷத்தில், 1978 டிசம்பரில், வியட்நாம் படை கம்போடியாவுக்குள் போனது. போல் போட் ஆட்சியின் கொலைகளை நிறுத்தியது அந்தப் படைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கெமர் மக்களில் பலர் அதில் மின் மாங்கின் படையையும் கண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் சீனா வடக்கில் இறங்கியது. இரண்டு பெரிய பொதுவுடைமை நாடுகளின் பகை ஒரு பக்கம், பழைய தெற்குப் பயணத்தின் கடன் இன்னொரு பக்கம். நான் விரும்பிய கதையில் இந்தக் கடனுக்கு இடமே இருக்கவில்லை.

மறுநாள் ஜியான் ஆற்றைக் கடந்தோம். பென் ஹாயைவிட எவ்வளவோ அகலம், சாம்பல் நிறத் தண்ணீர், தூரத்தில் மீன்பிடிப் படகுகள். நெடுஞ்சாலைப் பாலத்தில் வண்டி நிற்கவில்லை. 2025 ஜூலை 1-ல் மாகாணங்களை இணைத்தபோது குவாங் பின், குவாங் ட்ரி இரண்டும் ஒன்றாகிவிட்டன, இப்போது இரண்டு எல்லை ஆறுகளும் ஒரே மாகாணத்துக்குள் ஓடுகின்றன என்றார் வழிகாட்டி. அலுவலகக் காகிதமெல்லாம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

அவருடைய அப்பா பென் ஹாயின் வட கரையில் வின் லின் ஊர். அம்மா தென் கரையில் ஜியோ லின். நேராக நடந்தால் ஒரு மணி நேரம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது போர் முடிந்த பிறகு, கல்யாணம் 1977-ல். அம்மா கல்யாணமாகி இத்தனை வருஷம் வட கரையிலேயே இருந்தும், மீன் வாங்கப் போகும்போது, "இந்தப் பக்கத்து மீன் எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் பக்கம் போய் வாங்கிவா" என்பாராம். "ஒரே ஆறு, ஒரே மீன்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வாராம். சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வருவாராம்.

உங்கள் பாட்டி எந்த ஊர் என்று அவர் கேட்டார். சைகோன் என்றேன்.